சொரியாசிஸ்: யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டவை

மருத்துவர் "சொரியாசிஸ்" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவின் காதில் அது "சொறி" என்று விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். தலையணை உறையை வெந்நீரில் ஊறப் போட்டார். என்னோடு படுக்கும் தங்கையைக் கூடத்துக்கு மாற்றினார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாய்க்கு வரும் சொறியும், பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் வரும் சிரங்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். சொரியாசிஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், தமிழ்ச் சொறியோடு அதற்கு ஒலியைத் தவிர வேறு உறவில்லை என்பது எனக்குத் தெரியவர இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளும் என் தட்டு தனியாகத்தான் இருந்தது.

அது 2008. எனக்கு 26 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. என் தொழிலில் முதலில் பழகுவது ஒன்று உண்டு. வாசகர் வாய் திறந்து கேட்பது ஒன்றாக இருக்கும், அவருக்கு வேண்டியது வேறாக இருக்கும். "சட்டப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டு வருபவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போது அக்காளுக்குப் பங்கு உண்டா என்பதாக இருக்கும். இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால்தான் அது வெளியே வரும். நோயாளியாக நான் போய் உட்கார்ந்த இடங்களில் அந்த இரண்டு கேள்விகளை யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாமலே எனக்குள் கிடந்த கேள்விகளையும், அவற்றுக்குக் காலம் கடந்து கிடைத்த பதில்களையும் எழுதுகிறேன். இந்த நோயோடு இருக்கும் யாருக்காவது அவை சில ஆண்டுகள் முன்னதாகவே கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் சீட்டில் 15 கிராம் டியூப் ஒன்று எழுதியிருந்தது. காலை, இரவு பூச வேண்டும், ஒரு மாதம் கழித்து வர வேண்டும். எவ்வளவு பூசுவது? நான் முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல மெல்லியதாகத் தடவினேன். ஒரு டியூப் 40 நாட்கள் வந்தது. சிக்கனமாக இருந்ததில் மகிழ்ச்சிகூட அடைந்தேன். தடிப்பு ஒன்றும் குறையவில்லை. மருந்து சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

பல ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு டாக்டரம்மா ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை பிதுக்கினால் வருவது சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். விரல்களையும் சேர்த்து ஓர் உள்ளங்கை என்றால் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் சேர்த்து எட்டு உள்ளங்கை. ஒரு தடவைக்கு 2 கிராம், நாளுக்கு 4 கிராம். 15 கிராம் டியூப் நான்கு நாட்கள்கூட வராது. நான் அதை 40 நாட்கள் ஓட்டியிருக்கிறேன். மருந்தின்மேல் நான் வைத்த பழி முழுவதும் அளவு தெரியாததால் வந்தது.

அதற்குள் எதிர்த் திசையிலும் ஒரு தவறு செய்திருந்தேன். "இதைப் போட்டுப் பாருங்கள்" என்று ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வேறொரு டியூப் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தோல் வழவழப்பானது. அதை ஒன்றரை ஆண்டுகள் பூசினேன், முகத்திலும் அக்குளிலும்கூட. அது குளோபெட்டசால், வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகை. முழங்கைக்குத் தேவைப்படும் வீரியத்தை முகமும் மடிப்புகளும் தாங்காது. அக்குள் ஓரம் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்தது, வரி வரியாகக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியான இடத்தில், சரியான நாட்களுக்குப் பூசினால் அது நல்ல மருந்து, இப்போதும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு களிம்பைக் கையில் கொடுக்கும்போது எந்த இடத்துக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று நான்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே அந்த நான்கையும் நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

களிம்பில் இன்னொரு குழப்பமும் இருந்தது. தடிப்பு அமுங்கிய இடத்தில் கருப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு தடம் நிற்கும். நோய் போகவில்லை என்று நினைத்து அந்தத் தடத்தின் மேலும் மாதக் கணக்கில் பூசினேன். தொட்டுப் பார்த்தால் தோல் சமமாக இருக்கிறதா, செதில் இல்லையா, அப்படியானால் அது வெறும் நிறத் தடம்தான், சில மாதங்களில் தானே மங்கும், களிம்பு வேண்டாம். கண்ணைவிட விரலை நம்ப வேண்டிய இடம் இது. புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுடையவை. ரோஜா நிறத் திட்டு, வெள்ளிச் செதில். நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, நாவல்பழக் கறைபோலவோ, சாம்பல் பூத்தோ இருக்கும். எங்கள் நூலகத்தில் இருந்த மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தை நானே எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். அது என் நோய் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நோயின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தவறாகத் தூண்டப்பட்டு, தோலை அவசரப்படுத்துகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாகின்றன. கிருமி இல்லை, அழுக்கு இல்லை.

அழுக்கு இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி இருந்திருக்கும். எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் செதில் போகும்வரை தேய்ப்பார். புள்ளி புள்ளியாக இரத்தம் வரும். "உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகட்டும்" என்பார். அடுத்த வாரம் அந்த இடம் இன்னும் தடித்திருக்கும். பிறகு இடுப்பைச் சுற்றி, பாவாடை நாடா அழுத்தும் கோட்டிலேயே, அரைஞாண் கட்டியதுபோல வரிசையாகத் தடிப்புகள் கிளம்பின. நோய் உடலெங்கும் பரவுகிறது என்று பயந்து அழுதேன். காயமோ உராய்வோ பட்ட இடத்தில் இந்த நோய் புதிதாக முளைக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டு எழுதியிருக்கிறார், அந்தத் தன்மைக்கு அவர் பெயரே வழங்குகிறது. எனக்கு அது தெரிந்தது 2012இல். நாடாவை விட்டு அகலமான எலாஸ்டிக்குக்கு மாறினேன். பீர்க்கங்காய் நார் பாத்திரம் துலக்கப் போனது. குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன், தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாஸ்லினோ தடவுகிறேன். இடுப்பு வரிசை ஆறு மாதத்தில் மறைந்தது. இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தந்த தகவல் வேறு எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி நான் ஏமாந்து சாப்பிட்ட ஒரு பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011. பஸ் நிலையத்துச் சுவரில் "பூரண குணம்" என்று ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அப்பா அழைத்துப் போனார். இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்த வைத்தியர் நாடி பார்த்தார், பத்தியம் சொன்னார். கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை, புளி எல்லாம் கரப்பான் பண்டம், தொடவே கூடாது. ஒரு மண்டலத்துக்கு 48 பொட்டலங்கள், செய்தித்தாளில் மடித்தவை, தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். இருபதே நாட்களில் தோல் பளிச்சென்று ஆனது. அம்மா என் தட்டை மற்ற தட்டுகளோடு அடுக்கினார். அந்தக் காட்சிக்காகவே இரண்டாவது மண்டலமும் வாங்கினேன். முகம் உருண்டது. அரை வயிற்றுக்குச் சாப்பிட்டும் எடை ஏறியது. "பூசினாற்போல் நன்றாக இருக்கிறாய்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

மூன்றாவது மண்டலத்துக்குப் பணம் இல்லாமல் நிறுத்தினேன். பத்து நாட்களுக்குள் உடல் முழுவதும் சிவந்து எரிந்தது. மார்கழிக் குளிரில் நிற்பவள்போல நடுக்கம். சிவந்த தோலில் கடுகு கொட்டியதுபோல் சீழ்ப் புள்ளிகள். மதுரையில் 12 நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். டாக்டரம்மா கேட்டார், "என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?"

"பொடி, டாக்டர்."

"என்ன பொடி?"

மிச்சமிருந்த பொட்டலத்தை அப்பா நீட்டினார். அதன்மேல் பாதி சினிமா விளம்பரம் அச்சாகியிருந்தது. வேறு எழுத்து எதுவும் இல்லை. உள்ளுக்கு எடுக்கும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் இப்படிச் சீழ்கட்டிச் சீறும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் அவர். முகம் உருண்டதும் அதற்கான அடையாளம் என்றார். பொட்டலத்தை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை. தலைப்புப் பக்கம் கிழிந்த புத்தகத்தைக்கூடப் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன். பெயரில்லாத பொடியை 96 நாட்கள் விழுங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. பெயர் எழுதித் தராத மருந்து வாய்க்குள் போகாது, யார் கொடுத்தாலும்.

இதைச் சித்த மருத்துவத்தின்மீது நான் சாற்றும் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்கிறார்கள், மருந்தின் பெயரை எழுதியே தருகிறார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறமான பிறகு வடித்தெடுக்கும் தைலத்தைச் செதில் மிருதுவாக நானும் தடவுகிறேன், என் தோல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. பத்தியத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கத்தரிக்காயை விட்டு இந்த நோய் போனதற்குச் சான்று இல்லை. எடை கூடியவர்கள் குறைத்தால் நோயும் தணிகிறது, மதுவும் புகையும் நோயை மோசமாக்குகின்றன, இவற்றுக்குத்தான் சான்று இருக்கிறது. எட்டு மாதம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைப் பார்த்துக்கொண்டு மோர்சாதம் தின்ற எனக்கு இது வருத்தமான செய்தி.

ஆனால் அந்த வாசலுக்கு நான் ஏன் போனேன் என்பதை யோசித்திருக்கிறேன். "குணமாகிவிடுமா?" என்று கேட்டபோதெல்லாம் மருத்துவர்கள் "பார்க்கலாம்", "தொடர்ந்து போடுங்கள்" என்றார்கள். மனம் நோகக் கூடாதென்று அப்படிச் சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியில்தான் "பூரண குணம்" நுழைந்தது. 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தொற்றாத, நீண்டகால, வலி தரும் நோய், இதை முற்றிலும் நீக்கும் சிகிச்சை இல்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த மாலை நூலகத்தில் கடைசி வாசகர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருப்பதாக நினைத்திருந்தேன். நான் ஓடிக்கொண்டிருந்ததோ, இல்லவே இல்லாத ஓர் ஊரை நோக்கி. சர்க்கரை நோயைப்போல, இரத்த அழுத்தத்தைப்போல, இதையும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், தோல் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் தெளிவாகவே இருக்கலாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்று அழுதிருப்பேன். பொடிக்குப் போயிருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். அடுத்த கட்டிலில் 60 வயது அம்மா ஒருவர் படுத்திருந்தார். அவருக்கும் இதே நோய், இதே மாத்திரை. வாய் முழுவதும் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டியதை ஆறு நாட்கள் தினமும் சாப்பிட்டிருந்தார். சீட்டில் ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தது. மருந்துக் கடை உறையில் காலை ஒன்று என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்தக் கோடு மட்டும்தான் புரிந்தது. மாற்று மருந்து கொடுத்து, இரத்த அணுக்கள் ஏறும்வரை பிள்ளைகள் வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். பிழைத்துவிட்டார். இந்தத் தவறில் உயிர் போவதும் உண்டு.

அன்றே என் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் "வெள்ளி மட்டும்" என்று எழுதினேன். ஒவ்வொரு புது அட்டையிலும் எழுதுகிறேன். கூடவே தரும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாட்களில். ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பரிசோதனை. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வெள்ளிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். வேறு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல் போன்ற சாதாரண மாத்திரைகூட இதோடு சேர்ந்தால் நஞ்சாகும். உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிடுகிறார்கள் என்றால் இந்தப் பத்தியை நிறுத்திவிட்டு எழுந்து போய் அந்த அட்டையில் கிழமையை எழுதிவிட்டு வாருங்கள்.

என்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதும் மன்னிக்க முடியவில்லை. மாத்திரை தொடங்கும்போது ஓர் இளம் மருத்துவர் கேட்டார், "கல்யாணம் ஆகிவிட்டதா?" இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இது கருவைப் பாதிக்கும் மருந்து என்பது எனக்குத் திருமணம் நிச்சயமான பிறகு, இரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. கரு தரிக்கும் முன்பே நிறுத்தி இடைவெளி விட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் என்றார் என் மருத்துவர். இதே நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெடின் என்ற மாத்திரை என்றால் நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்ற தயக்கம், அவள் உடலைப் பற்றி அவளே அறிய வேண்டியதை மறைத்துவிடுகிறது. பெண்களே, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

2013இல் கோவிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். வீட்டில் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசக் கிடைத்த பத்து நிமிடத்தில் சேலை முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினேன். பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது, "வலிக்குமா?" ஐந்து ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். பிறகு அத்தை, அதாவது என் மாமியார், கேட்டது வேறு. "பிள்ளைக்கு வருமா?" அவர் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை, என் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அல்லது சற்றுக் கூடுதல், வராமல் இருக்கும் வாய்ப்பே மிக அதிகம் என்றார். அத்தைக்கு அந்தக் கணக்குப் போதுமானதாக இருந்தது. மகள் 2016இல் பிறந்தாள். கர்ப்ப காலத்தில் என் தோல் கண்ணாடியாக இருந்தது, பிரசவமாகி இரண்டே மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. பலருக்கும் இப்படித்தான் என்று முன்பே தெரிந்திருந்ததால் அந்த முறை நான் உடைந்துபோகவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்ல என்ன வார்த்தை என்பதும் ஒரு தகவல்தான். நூலகத்தில் ஒரு தாய், என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கப்போன தன் பிள்ளையின் கையைப் பின்னால் இழுத்தார். தொற்றாது என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி மேசைக்குள் வைத்திருந்தேன், அதை எடுத்து நீட்டக் கூச்சமாக இருந்தது. முதலில் "இது குஷ்டம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிகிச்சைக்குப் போன இடத்தில் தொழுநோய் குணமான பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை தொடங்கியவுடன் தொழுநோயும் பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வந்துவிடுகிறது. என்னை ஒதுக்கிய அதே சொல்லால் அவரை நான் ஒதுக்கியிருக்கிறேன். இப்போது நான் சொல்வது, "இது சொரியாசிஸ். என் உடலுக்குள் இருக்கும் கோளாறு, தொட்டால் வராது." அவ்வளவுதான். குரல் நடுங்காமல் சொல்லப் பழகுவதற்குத்தான் நாளாயிற்று.

2019இல் வலது ஆள்காட்டி விரல் வாழைப்பூ இதழ்போல முழுவதும் வீங்கிச் சிவந்தது. புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும் கை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. எலும்பு மருத்துவர் ஒருவர் முடக்குவாத இரத்தப் பரிசோதனை எழுதினார், அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. வேலை அதிகம், ஓய்வெடுங்கள் என்றார். எட்டு மாதம் வலி மாத்திரையில் ஓடியது. அவருக்கு என் தோல் நோய் தெரியாது, தோல் மருத்துவருக்கு என் விரல் தெரியாது. விரல் வேறு, தோல் வேறு என்று நினைத்து இரண்டு இடத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டு அழற்சியும் வருகிறது. அதில் அந்த இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்றே வரும். நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோலக் குழிகள், முழு விரல் வீக்கம், குதிகால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். என் நகங்களில் குழி விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சேதமான மூட்டு திரும்பாது. அந்த விரலின் நுனி மூட்டு இனி நிமிராது, முத்திரையை நடுவிரலால் அழுத்திக் குத்துகிறேன்.

அதன் பிறகுதான் மருத்துவரிடம் போகும் முறையையே மாற்றினேன். புறநோயாளிப் பிரிவில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு சிறு நோட்டில் மூன்று கேள்விகளுக்கு மேல் எழுதுவதில்லை, எதைக் கேட்க மிகவும் பயமாக இருக்கிறதோ அதை முதலில் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை அதே ஜன்னலோரத்தில், அதே வெளிச்சத்தில் தடிப்புகளைப் படம் எடுக்கிறேன், போகிற நாளில் தோல் அடங்கியிருந்தாலும் காட்டலாம். தோல், மூட்டு, மாதவிடாய், தூக்கம், மனம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். மனத்தை எழுதத் துணிந்தது ஒரு கேள்வித்தாளைப் பார்த்த பிறகு. பிரிட்டனில் கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1994இல் தோல் நோயாளிகளுக்காகப் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். கடந்த வாரம் எவ்வளவு கூச்சப்பட்டீர்கள், உடையைத் தேர்ந்தெடுப்பதில் தோல் குறுக்கிட்டதா, தாம்பத்தியத்தில் சிரமம் இருந்ததா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்லத் தகுந்த விஷயங்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பத்தாண்டுகளாக முழுக்கை ரவிக்கை மட்டுமே தைத்து அணிந்ததை அடுத்த முறை போனபோது சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

நான் இந்த நோயை மறைக்காததால் நூலகத்துக்கு இதே கவலையோடு சிலர் வருகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய பிறகு தோல் மோசமான நடத்துநர் ஒருவர் வந்தார். சில அழுத்த மாத்திரைகள் இதைக் கிளறலாம், ஆனால் தானாக நிறுத்தக் கூடாது, இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். தொண்டை வலி வந்து மூன்று வாரத்தில் உடலெங்கும் சிறு சிறு புள்ளிகள் வந்த கல்லூரி மாணவியிடம், தொண்டைத் தொற்றுக்குப் பின் அப்படி வருவது உண்டு, அந்தத் தொண்டை வலியையும் மறக்காமல் சொல் என்றேன். புதிய ஊசி மருந்து எழுதப்பட்ட ஒருவருக்குக் காசநோய்ப் பரிசோதனை எதற்கு என்று புரியவில்லை. எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியை அடக்கும் ஊசி அது, உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக என்று விளக்கினேன். ஒருவருக்கும் மருந்து சொல்வதில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போன மார்கழியில் மகளின் காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில். பொடுகாக இருக்கலாம். பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். இரவு விளக்கை அணைத்த பிறகு என் நோட்டில் மூன்று கேள்விகள் எழுதினேன். மூட்டைப் பற்றி ஒன்று, பெரியவளானால் என்ன ஆகும் என்று ஒன்று, வீரியம் குறைந்த களிம்பைப் பற்றி ஒன்று. காலையில் அவளிடமும் நோட்டைக் கொடுத்து, "டாக்டரிடம் நீ என்ன கேட்க வேண்டும் பாப்பா?" என்றேன். அவளுக்கு 9 வயது. பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அவள் எழுதிய கேள்வி என் மூன்றிலும் இல்லை.

"தாத்தா ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகலாமா?"